ஃபுட்வொர்க்: 160 துடிப்பில் எங்கே கால் வைப்பது?

அமெரிக்க எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஜேலின் 2024 மார்ச்சில் வெளியிட்ட ‘அகோமா’ ஆல்பத்தை முதல்முறை கேட்பவர்கள் பலர் இரண்டாவது டிராக்குக்குள் திணறிவிடுகிறார்கள். டிரம் அடிகள் நாலா பக்கமும் இருந்து வந்து விழுகின்றன. பிடித்துக்கொள்ளப் பாடல் வரி இல்லை. தலையாட்டலாம் என்றால் எந்த இடத்தில் ஆட்டுவது என்று தெரிவதில்லை. ‘பரிசோதனை இசை, நமக்கு ஆகாது’ என்று ஒதுக்கிவிட இது போதும். ஆனால் ஒதுக்கினால் இழப்பு கேட்பவருக்குத்தான். தாளத்தை இவ்வளவு நுணுக்கமாகவும் இவ்வளவு உற்சாகமாகவும் கையாளும் ஆல்பங்கள் அடிக்கடி வருவதில்லை.

இந்த இசையின் வேர் ஆடுபவர்களின் கால்களில் இருக்கிறது. சிகாகோ நகரத்தின் ஃபுட்வொர்க் என்ற நடனப் பாணியிலிருந்து கிளைத்தது இது. அதன் தாளக் கணக்கை ஒருமுறை பிடித்துக்கொண்டால், குழப்பமாகக் கேட்ட அதே டிராக்கில் கால் தானாக அசையத் தொடங்கும்.

ஹவுஸிலிருந்து ஃபுட்வொர்க் வரை

1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்த ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 துடிப்பில் ஓடும். துடிப்புக்கு ஒரு கிக் டிரம், அதாவது ‘தும்’ என்ற கனத்த அடி, விழும். நான்கு துடிப்பு ஒரு சுற்று, நான்கிலும் கிக். கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம், தப்பாது. 1990களில் டான்ஸ் மேனியா என்ற லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வழியாகப் பரவிய கெட்டோ ஹவுஸ் இதன் வேகத்தைக் கூட்டி, இசைக் கருவிகளைக் குறைத்தது. டிரம் மெஷின் ஒன்றும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு குரல் துண்டும் இருந்தாலே டிராக் ஆகிவிட்டது. வேகம் மேலும் ஏறி 150ஐத் தாண்டியபோது அதற்கு ஜூக் என்று பெயர் வந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் வேகத்தின் மாற்றம். ஃபுட்வொர்க்கில் அமைப்பே மாறியது. சிகாகோ டிஜே ஆர்.பி. பூ 1997-இல் செய்த ‘பேபி கம் ஆன்’ டிராக்கைத்தான் முதல் ஃபுட்வொர்க் டிராக் என்று பெரும்பாலும் சொல்வார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கிக் விழவேண்டும் என்ற விதியை இந்தப் பாணி கைவிட்டது. கிக் சறுக்கி விழுந்தது, சில இடங்களில் வராமலேயே போனது.

ஏன் என்று கேட்டால், பதில் நடனக் களத்தில் இருக்கிறது. ஃபுட்வொர்க் ஒரு போட்டி நடனம். கூட்டம் வட்டமாக நிற்கும். ஒருவர் நடுவில் இறங்கி ஆடுவார், முடித்ததும் எதிராளி இறங்குவார். உடலின் மேல்பாதி பெரும்பாலும் அடங்கியிருக்க, கணுக்காலுக்குக் கீழேதான் எல்லாம் நடக்கும். கோஸ்ட், ஸ்கேட்ஸ், எர்க் அண்ட் ஜெர்க் என்று ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் உண்டு. அவற்றைக் கோத்து அந்த நொடியில் புதிதாக ஒன்றைச் செய்பவர்தான் வெல்வார். நாலு துடிப்பிலும் கிக் விழுகிற டிராக்கில் அந்த ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. எல்லா இடத்தையும் டிரம் நிரப்பிவிடுகிறது. இடைவெளி விட்டால்தான் கால் அங்கே போய் விழ முடியும். டிஜேக்கள் வேண்டுமென்றே விட்ட அந்த இடைவெளிகள்தான் ஃபுட்வொர்க்கின் உயிர். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது ‘ஏதோ விடுபட்டிருக்கிறது’ என்று தோன்றுவதற்குக் காரணமும் அதுதான். விடுபட்டது கால்.

கணக்கு

ஃபுட்வொர்க்கின் வேகம் நிமிடத்துக்கு 160 துடிப்பு. அதாவது ஒரு துடிப்புக்கு 375 மில்லி விநாடி, நான்கு துடிப்புள்ள ஒரு சுற்றுக்கு 1.5 விநாடி. இந்த வேகத்தில் துடிப்புக்குத் துடிப்பு தலையாட்டினால் ஒரு நிமிடத்தில் கழுத்து வலிக்கும். ஆடுபவர்களும் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் உடம்பில் ஓடுவது அதில் பாதி, 80. அதாவது 750 மில்லி விநாடிக்கு ஓர் அசைவு. சாதாரண ஹிப்-ஹாப் பாட்டின் நிதானம் இது. கைதட்டல் போன்ற கிளாப் ஓசை வழக்கமாக ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது துடிப்பில் மட்டும் விழும். 80இல் தலையாட்டுபவருக்கு அது இரண்டு தலையாட்டலுக்கு ஒருமுறை வரும்.

ஆக, ஒரே டிராக்கில் இரண்டு வேகம் சேர்ந்து ஓடுகிறது. கீழே 80இல் நிதானமான தளம். மேலே 160இல் டிரம்களின் பாய்ச்சல். முதல்முறை கேட்பவர் 160ஐப் பிடிக்கப் போய்த் தோற்கிறார். 80ஐப் பிடித்தால் போதும், மேலே எது எப்படி ஓடினாலும் பயமில்லை.

அடுத்தது கிக் விழும் வரிசை. ஒரு சுற்றை 16 சிறு அலகாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹவுஸில் கிக் 4+4+4+4 என்று விழும். ஃபுட்வொர்க்கில் அடிக்கடி வருவது 3+3+3+3+4. மிருதங்கமோ தவிலோ கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல: தகிட தகிட தகிட தகிட தகதிமி. நான்கு திஸ்ரம், ஒரு சதுஸ்ரம், மொத்தம் 16. சொற்கட்டின் ஒவ்வொரு முதல் ‘த’விலும் ஒரு கிக். 160 வேகத்தில் ஓர் அசைக்கு 94 மில்லி விநாடிகூட இல்லை, அதனால் வாயால் சொல்லிப் பழக இது கடினம். 80 வேகத்தில் சொல்லிப் பார்த்தால் வடிவம் பிடிபடும். இன்னொரு வரிசை 3+3+2. சுற்றை 8 அலகாகப் பிரித்தால், தகிட தகிட தக. இதை முழு வேகத்திலேயே ஒன்றரை விநாடிக்குள் சொல்லிவிடலாம்.

இன்னும் சுவையான ஒரு கணக்கு உண்டு. கடைசியில் 4 போட்டுச் சரிசெய்யாமல், 3, 3, 3 என்று விட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு சுற்றின் 16 அலகுக்குள் 3 சரியாக அடங்காது. அதனால் அடுத்த சுற்றில் கிக் வேறு இடத்தில் தொடங்கும், அதற்கடுத்த சுற்றில் இன்னோர் இடத்தில். 48 அலகு, அதாவது மூன்று சுற்று கழித்துத்தான் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வரும். கச்சேரியில் கணக்குப் போடுபவர் இப்படிச் சுற்றிவிட்டு சமத்தில் வந்து நின்றதும் சபை கைதட்டும். ஃபுட்வொர்க்கில் வந்து சேரும் இடத்தை யாரும் அழுத்திக் காட்டமாட்டார்கள். பல டிராக்குகளில் சரியாக அந்த இடத்தில்தான் கிக்கை எடுத்துவிடுவார்கள். கணக்கு நமக்குத் தெரிந்ததாக இருந்தும் தடுமாறுவது இதனால்தான்.

இவற்றோடு ஹை-ஹாட் என்ற உலோகத் தட்டும் டாம் என்ற டிரம்களும் சில இடங்களில் துடிப்பை நாலாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்கும். அப்போது ஓர் அடிக்கு 125 மில்லி விநாடி. 94க்குப் பழகிய காதில் திடீரென்று 125 விழும்போது டிராக் வேகம் குறைந்துவிட்டதைப் போல ஒரு மயக்கம் வரும். வேகம் துளியும் குறைந்திருக்காது. பிரிவு மட்டும் மாறியிருக்கும், நடை மாறுவதுபோல.

ஜேலின் மாற்றியது என்ன

2010-இல் பிளானட் மியூ என்ற பிரிட்டிஷ் லேபிள் ‘பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. சிகாகோவின் சில தெருக்களுக்குள் இருந்த இசை அதன்பின் உலகமெங்கும் போனது. டிஜே ரஷாத் 2013-இல் ஹைப்பர்டப் லேபிளில் வெளியிட்ட ‘டபுள் கப்’ இன்னும் பலருக்கு இந்தப் பாணியின் வாசல். அவர் 2014 ஏப்ரலில், 34 வயதில் இறந்தார். அந்த இழப்பின் அளவை அவர் விட்டுப்போன டிராக்குகளே சொல்லும்.

ஜேலின் சிகாகோக்காரர் அல்ல. பக்கத்து மாநிலமான இந்தியானாவின் கேரி என்ற எஃகு ஆலை ஊரைச் சேர்ந்தவர். எஃகு ஆலையில் வேலை செய்துகொண்டே இசை செய்தவர். 2011-இல் வந்த இரண்டாவது ‘பேங்ஸ் அண்ட் வொர்க்ஸ்’ தொகுப்பில் அவர் டிராக்குகள் இடம்பெற்றன. பிறகு 2015-இல் ‘டார்க் எனர்ஜி’, 2017-இல் ‘பிளாக் ஒரிகாமி’. இந்த இரண்டாவது ஆல்பத்தின் காலத்தில் இந்திய நடனக் கலைஞர் அவ்ரில் ஸ்டார்மி உங்கருடன் சேர்ந்து அவர் மேடை நிகழ்ச்சிகள் செய்திருக்கிறார். 2018-இல் வந்த ‘ஆட்டோபயோகிராஃபி’ நடன அமைப்பாளர் வெய்ன் மெக்கிரெகரின் படைப்புக்காக எழுதிய இசை. தர்ட் கோஸ்ட் பெர்கஷன் என்ற நால்வர் தாளவாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய ‘பெர்ஸ்பெக்டிவ்’ 2023-இல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

பாணியில் அவர் செய்த பெரிய மாற்றம், பழைய பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஃபுட்வொர்க்கில் சோல் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு வகையிலிருந்து ஓர் அரை வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். கேட்பவருக்கு அது ஒரு கைப்பிடி; அந்த வரி எப்போது திரும்புகிறதோ அங்கே சுற்று தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஜேலின் அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டார். மூன்றாவது துடிப்பில் வரவேண்டிய கிளாப்பையும் பல இடங்களில் எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது தோலும் உலோகமும் மரமும் ஒன்றோடொன்று பேசும் தாளம். சுற்றின் நிறம் அடிக்கடி மாறும்: எட்டுச் சுற்று ஒரே டிரம்மை வைத்து ஓட்டுவதற்குப் பதிலாக, ஒரே சுற்றுக்குள் ஐந்தாறு டிரம்களுக்கு வரிசையைப் பங்கிட்டுக் கொடுப்பார். தகிட தகிட தக என்ற எட்டு அலகில் முதல் மூன்று ஒரு டாமுக்கு, அடுத்த மூன்று சடசடக்கும் ஒரு ஸ்நேர் டிரம்முக்கு, கடைசி இரண்டு ஆழமான பாஸுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் காது அதை மூன்று பேரின் உரையாடலாகக் கேட்கும்.

‘அகோமா’வில் 11 டிராக்குகள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், நால்வர் தந்திவாத்தியக் குழுவான குரோனாஸ் குவார்டெட், அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் மூவரும் ஒவ்வொரு டிராக்கில் வருகிறார்கள். பெரிய பெயர்களை அலங்காரத்துக்குச் சேர்த்துக்கொண்ட ஆல்பமோ என்ற சந்தேகம் வருவது நியாயம். கேட்டால் அது தீர்ந்துவிடும், ஏனென்றால் அவர்கள் தந்த ஒலியையும் ஜேலின் டிரம்மைப்போலவே நறுக்குகிறார். கிளாஸின் பியானோ மெட்டை இசைப்பதோடு நிற்காமல் தாள வரிசையில் ஓர் ஆளாகிறது. குரோனாஸின் வில் இழுப்புகளும் அப்படித்தான்.

எப்படிக் கேட்பது

முதலில் கருவி. 808 என்ற டிரம் மெஷின் வகைக் கிக்கின் உடம்பு 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. அதில் கேட்டால் 80இன் தளம் முழுதாகக் காணாமல் போய், மேலே ஓடும் ஹை-ஹாட் சலசலப்பு மட்டும் மிஞ்சும். ‘இரைச்சல்’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பாஸ் இல்லாமல் கேட்டவர்கள் என்பது எங்கள் கணிப்பு. காதை மூடும் சாதாரண கம்பி ஹெட்போன் போதும். பாஸ் கேட்கவில்லை என்று ஒலியை முழுக்க ஏற்ற வேண்டாம். ஸ்நேரின் கூர்மைதான் காதைக் குத்தும்.

தொடக்கத்துக்கு ‘அகோமா’வை எடுக்காதீர்கள். ‘டபுள் கப்’பிலிருந்து ஒரு டிராக்கை எடுங்கள். மெட்ரோனோம் செயலியை 80இல் வைத்து, அதன் துடிப்பில் உள்ளங்காலைத் தரையில் தட்டப் பழகுங்கள். பிறகு அதை அணைத்துவிட்டு டிராக்கைப் போட்டு, காலை அதே வேகத்தில் தட்டுங்கள். வேறெதையும் கவனிக்க வேண்டாம். இரண்டு நிமிடம் கால் தவறாமல் தட்டினால் முதல் படி முடிந்தது. தவறுகிறது என்றால் அனேகமாகக் கால் கிக்கைத் துரத்துகிறது என்று பொருள். கிக் வழிகாட்டி அல்ல. கிளாப்பைப் பிடியுங்கள், இரண்டு தட்டுக்கு ஒருமுறை அது காலோடு சேரும்.

அதன்பின் கால் தட்டிக்கொண்டே வாயால் ‘தகிட தகிட தக’ சொல்லுங்கள். ஒரு சொற்கட்டு முடிவதற்குள் கால் இருமுறை தரையைத் தொட வேண்டும்: முதல் ‘த’வில் ஒன்று, இரண்டாவது தகிடவின் நடு அசையான ‘கி’யில் இன்னொன்று. அந்த ‘கி’தான் எல்லாரையும் கவிழ்க்கும் இடம். சொல் ‘த’வில் அழுந்துகிறது, கால் ‘கி’யில் விழுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று உரசும் அந்த உணர்வுதான் ஃபுட்வொர்க். அது வந்துவிட்டால் மற்றது எல்லாம் அதன் விரிவு.

இதற்குப் பிறகு ‘அகோமா’வின் ‘சேலஞ்ச் (டு பி கன்டினியூட் 2)’ டிராக்குக்குப் போகலாம். அணிவகுப்பு டிரம்களின் ஸ்நேர் உருட்டல்கள் நிறைந்த டிராக் அது. ‘பிளாக் ஒரிகாமி’யின் கடைசி டிராக்கோடு பெயரால் இணைந்தது, எனவே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஏழாண்டில் அவர் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரியும். அணிவகுப்பு டிரம் என்பதால் நடக்கும் கால் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, புதியவருக்கு எளிது.

வேறு வேலை செய்துகொண்டு பின்னணியில் ஓடவிட்டால் இந்த இசை எரிச்சலைத்தான் தரும். மனம் தாளத்தை ஊகித்துக்கொண்டே இருக்கும், ஊகம் பொய்த்துக்கொண்டே இருக்கும். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்பதும் முதல் வாரத்தில் வேண்டாம். ஒரு டிராக்கை அடுத்தடுத்து மூன்று முறை கேட்பது பதினொன்றை ஒருமுறை கேட்பதைவிடப் பலன் தரும். ‘எப்போது உச்சம் வரும்’ என்று காத்திருப்பது இன்னொரு தவறு. திருவிழா மேடை எலக்ட்ரானிக் இசையில் ஏற்றி ஏற்றி ஒரு கட்டத்தில் கொட்டுவார்கள். இங்கே அந்த ஏற்பாடே கிடையாது. சுற்றுக்குச் சுற்று நடக்கும் சிறு மாற்றங்களில்தான் சுகம்.

நீங்களே ஒரு சுற்று கட்டிப் பார்க்க

கட்டிப் பார்த்தவர்களுக்குக் கேட்பது இரட்டிப்பாகப் புரியும். ஜேலின் பயன்படுத்துவது எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை அமைக்கும் மென்பொருள். அதன் இலவசச் சோதனைப் பதிப்பே பழகப் போதும், ஆனால் அதில் சேமித்த வேலையைப் பிறகு திறந்து தொடர முடியாது. அதனால் ஒரே அமர்வில் முடித்து ஒலிக்கோப்பாக எடுத்துவிடுங்கள். முழுக்க இலவசம் வேண்டுமென்றால் எல்எம்எம்எஸ் இருக்கிறது.

வேகம் 160. பதினாறு கட்டம். கிக்கை 1, 4, 7, 10, 13ஆம் கட்டங்களில் வையுங்கள். கிளாப் 9இல் மட்டும். ஹை-ஹாட் 3, 7, 11, 15இல். ஓட்டினால் உடனே அந்த உந்துதல் வரும். பிறகு இதை நான்கு சுற்றாகப் பெருக்கி, இரண்டாவது சுற்றில் 1, 10 ஆகிய கட்டங்களில் உள்ள கிக்கை எடுத்துவிடுங்கள். நான்காவது சுற்றின் கடைசி இரண்டு துடிப்பில், துடிப்புக்கு மூன்று என்று ஆறு டாம் அடிகள். பாஸை முதல், மூன்றாம் சுற்றுகளில் 1ஆம் கட்டத்திலும் 7ஆம் கட்டத்திலும் போடுங்கள், ஜி சுரம், 49 ஹெர்ட்ஸை ஒட்டி.

குழம்பிய சேறுபோல ஒலித்தால், கிக்கின் வால் பாஸின் மேல் விழுகிறது. கிக்குகளுக்கு நடுவே 281 மில்லி விநாடிதான் இடம் இருக்கிறது. வாலை 150க்குள் வெட்டிவிட்டால் தெளிந்துவிடும். ஓயாத மத்தளம்போலத் தட்டையாக இருந்தால், எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இருக்கிறது. முதல் கிக்கை முழு அழுத்தத்தில் விட்டு மற்றவற்றை 70 முதல் 85 சதவீதத்துக்குள் மாற்றி மாற்றி வையுங்கள். டிரம் அண்ட் பாஸ் என்ற இன்னொரு வேகமான பாணியைப்போலக் கேட்கிறதா? கிளாப்பை 5லும் 13லும் வைத்திருப்பீர்கள். அது 80இன் தளத்தை அழித்துவிடும். 9க்கு நகர்த்துங்கள். டெக்னோ மாதிரி ஒலித்தால் கிக் 1, 5, 9, 13க்குத் திரும்பியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சலிப்பூட்டுகிறது என்றால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே உள்ள ஐந்து கிக்குகளில் இரண்டைக் கிக்கிலிருந்து டாமுக்கும், ஒன்றை ஸ்நேருக்கும் மாற்றுங்கள். ஜேலினின் முறை இதுதான், வரிசை அப்படியே இருக்கும், குரல்கள் மாறும். கிளாப்பைக் கடைசியாக எடுத்துப் பாருங்கள். கால் இன்னும் 80இல் தட்டிக்கொண்டிருந்தால் ‘அகோமா’வின் இரண்டாவது டிராக், ‘ஸ்பீட் ஆஃப் டார்க்னஸ்’, உங்களுக்காகக் காத்திருக்கிறது.